கொழுப்பெடுத்த வாத்து

19 ஜனவரி, ஞாயிறு

ஆராதனை முடிய நேரமாகிவிட்டது. ஆயருக்கு இன்றைக்குப் பிரசங்கத்தை முடிக்கவே மனசு வரவில்லை. ஜெமி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் மட்டும் இன்னா, பாதித் தூக்கம்தான்.

வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டினா செல்லில் மறுபடியும் அந்த மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டாள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி. வேலை உறுதி, விசாவும் வந்தாச்சு. ‘இந்தத் தேதிக்கு வர்றேன்’ என்று பிப்ரவரி கடைசிக்குள் இவள் ஒரு பதில் போட வேண்டியதுதான் பாக்கி. இத்தனை வருஷம் வேலூரில் ஸ்டாஃப் நர்ஸாக நின்று நின்று கால் வீங்கினவள், டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி வாங்கின வேலை. வந்த பிறகு பதில் போடமாட்டேன் என்கிறாள்.

ஏன் என்று கேட்டால், "நான் போய்ட்டா நீங்க ரெண்டு பேரும் இன்னா சாப்பிடுவீங்க?"

ரெண்டு பேர் என்பது நானும் மகள் ஜெமியும். அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு நாற்பத்திமூன்று. இரண்டு பேரைப் பற்றியும் கிறிஸ்டினாவுக்கு ஒரே அளவு கவலை.

"ஊர்ல ஓட்டலுக்கா பஞ்சம்?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதற்கப்புறம் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

22 ஜனவரி, புதன்

டேனரியில் ஒரே பேஜார். போன வாரம் எங்கள் செக்‌ஷனில் இருந்து போன ஆட்டுத்தோல் லாட் திரும்பி வந்துவிட்டது. தோலெல்லாம் எண்ணெய்த் திட்டு. மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஜெபசீலன், கொழுப்பு எடுக்கத்தானே உங்க செக்‌ஷன்? அதையும் எடுக்கலன்னா நீங்க எதுக்கு?"

முடியை எடுப்பது, தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற ஜவ்வு, கொழுப்பு எல்லாம் சுரண்டி எடுப்பது, இதுதான் எங்கள் வேலை. சுரண்டுவதை ஃப்ளெஷிங் என்போம். ஒரு பொட்டுக் கொழுப்பு நின்றாலும் பின்னால் அது எண்ணெயாகப் பூத்துத் தோலைக் கெடுத்துவிடும். எனக்குத் தெரியாதா இது? மெஷின் பிளேடு மழுங்கிப் போச்சு, மாத்துங்க, மாத்துங்கன்னு கத்தினது யாரு? அதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

மத்தியானம் நானே கத்தியை எடுத்துக்கொண்டு பலகையில் ஒவ்வொரு தோலாகப் போட்டுச் சுரண்டினேன். மெஷின் ஓட்டுகிற அஸ்பாக் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான். மேல்விஷாரத்துக்காரன், நானும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "விடுறா சீலா, தோல் பாவம்" என்றான்.

25 ஜனவரி, சனி

சண்டையாக ஆரம்பித்துப் பந்தயமாக முடிந்தது.

கிறிஸ்டினா சொன்னது இது: "ஒரே ஒரு ஞாயித்துக்கெழம. நான் அடுப்புப் பக்கமே வரமாட்டேன். நீங்களே வாங்கி, நீங்களே செஞ்சு, ஜெமி வயிறு ரொம்பச் சாப்பிடணும். சாப்பிட்டாள்னா அன்னிக்கே பதில் போடுறேன். இல்லையா, மெயிலை அழிச்சிடுறேன். அதோட இந்தப் பேச்சை விட்டுடணும்."

"ஜெமி, உனக்கு இன்னா வேணும் சொல்லு" என்றேன், பெரிய பட்லர் மாதிரி. முட்டை தோசை கேட்பாள் என்று நினைத்தேன். அந்தக் குட்டிப் பிசாசு, "முழு வாத்து, நெருப்புல சுட்டது" என்கிறது. யூடியூபில் எவனோ காட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கம்பியில் கோத்துச் சுற்றிச் சுற்றிச் சுடுகிறானாம்.

டீ போடுவதோடு சரி என் சமையல். ஆனால் "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டேன். திமிர், வேறென்ன.

26 ஜனவரி, ஞாயிறு

எனக்கு அவள் போவது பிடிக்கவில்லை. அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் நின்றுவிடுவாள். நின்றுவிட்டு, டூட்டிக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அதைத் தாங்க என்னால் ஆகாது.

வாத்து நல்லா வரலன்னா போகமாட்டா.

— இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்தாலும் தெரியும். இருக்கட்டும்.

30 ஜனவரி, வியாழன்

வாத்தைச் சுட எண்ணெய்க் கடையில் ஒரு டிரம் கிடைத்தது. வெல்டிங் கடைக்காரன் பாதியாக அறுத்து, இரண்டு பக்கமும் கம்பி உட்காரக் காடி வெட்டிக் கொடுத்தான். "மருந்து ஊறின டேனரி டிரம்மை மட்டும் தூக்கிட்டு வந்தீங்க, உங்களையும் சேர்த்து வெளிய தள்ளிடுவேன்" என்று கிறிஸ்டினா முதலிலேயே சொல்லியிருந்தாள்.

8 பிப்ரவரி, சனி

லீவு போட்டுவிட்டு அணைக்கட்டுப் பக்கம் போனேன். கடையில் அடைத்து வைத்து விற்கிற வாத்து வேண்டாம், மேய்கிற வாத்துதான் ருசி என்று அஸ்பாக் அடித்துச் சொல்லியிருந்தான். அறுப்பு முடிந்த வயல் ஒன்றில் பெரிய மந்தை நின்றது. சிந்தின நெல்லைப் பொறுக்கிக்கொண்டு, சேற்றைக் கிளறிக்கொண்டு, ஒரே கூச்சல். புருஷனும் பெண்டாட்டியுமாக மேய்க்கிறார்கள்.

"முட்டைக்கா, கறிக்கா?" என்றார் அந்த ஆள்.

"கறிக்குத்தான். முழுசா சுடணும்."

"சுடவா? இன்னா சார் நீ, வாத்துன்னா கொழம்புதான்." சொல்லிக்கொண்டே நீளக் கம்பால் ஒன்றைக் கழுத்தோடு வளைத்துப் பிடித்துவிட்டார். இளசு என்றார். கையில் வாங்கினேன். நல்ல கனம், சூடாக இருந்தது. என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தது. நானும் அப்படியே.

அறுத்து, சுடுதண்ணீரில் முக்கி, அந்தம்மா இறகு பிடுங்க உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். முடி எடுக்கிறது நம்ம தொழிலாச்சே. மேல் இறகு வந்துவிட்டது. அடியில் மொட்டு மொட்டாக நிற்கிற குட்டி இறகுதான் உயிரை எடுத்தது. எரிச்சலில், "சுண்ணாம்புத் தண்ணியில போட்டா தானா வந்துடும்" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். "திங்கறதுக்கு வாங்குறியா, செருப்பு தெக்கறதுக்கா?"

வைக்கோலைக் கொளுத்தி வாட்டி, கழுவி, பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஜெமிக்கு அதைப் பார்த்ததும் ஒரே குதி.

9 பிப்ரவரி, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் ஆராதனைக்கே போய் வந்துவிட்டேன். கிறிஸ்டினா சொன்ன மாதிரி சமையலறைப் பக்கமே வரவில்லை. ஹாலில் உட்கார்ந்து துணி மடித்தாள். நான் பலகையில் வாத்தைப் போட்டேன். மசாலா உள்ளே இறங்க, தோலுக்கும் கறிக்கும் நடுவில் விரலை விட்டுத் தளர்த்தச் சொல்கிறார்கள் வீடியோவில். விட்டேன். உள்ளே மஞ்சளாக, கட்டி கட்டியாக, கொழுப்பு. வயல் நெல் தின்ற கொழுப்பு.

பார்த்த பிறகு கை நிற்கவில்லை. இவ்வளவு கொழுப்பை வைத்துக்கொண்டு எப்படி? கரண்டிக் காம்பை உள்ளே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, கழுத்துப் பக்கம் இருந்து ஒன்று, பின்பக்கம் இருந்து ஒன்று என்று முழுக்கச் சுரண்டி எடுத்தேன். பெரிய கிண்ணம் நிறைந்தது. தெரு நாய்களுக்கு வைத்தேன், நக்கித் தீர்த்தன. இவ்வளவுக்கும் தோலில் ஒரு கீறல் இல்லை, ஒரு ஓட்டை இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம் போல இருந்தது.

இஞ்சி, பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள், எலுமிச்சை, உப்பு. ஊறவிட்டு மாடியில் டிரம்மில் கரி மூட்டி, கம்பியில் கோத்துச் சுற்ற ஆரம்பித்தேன். வாசனை நன்றாகத்தான் வந்தது. எதிர் வீட்டு மாடியில் எட்டிப் பார்த்தார்கள். ஜெமி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் தோல் சுருங்கியது. சுருங்கிச் சுருங்கி எலும்போடு போய் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் தடவினேன், இன்னும் தடவினேன். கறுத்ததே தவிர மசியவில்லை. கத்தி இறங்கவில்லை. காலைப் பிடித்து முறுக்கித்தான் பிய்த்தேன்.

ஜெமி நல்ல பிள்ளை. மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். கடைசியில், "அப்பா, இது முடியவே மாட்டேங்குது" என்று தட்டு ஓரத்தில் எடுத்து வைத்தாள். நான் ஒரு வாய் வைத்தேன். ஷூ தைத்துப் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

கிறிஸ்டினா மேலே வந்தாள். ஒரு துண்டு எடுத்துக் கடித்துப் பார்த்தாள். கீழே வைத்தாள். ஜெமியை வீட்டுக்குள் போகச் சொன்னாள். பிறகு என்னிடம்:

"வேணும்னேதானே பண்ணீங்க?"

"இன்னா?"

"நான் போகக் கூடாதுன்னு. வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா உங்களுக்கு? பச்ச புள்ள பசியோட தட்ட வெச்சிக்கினு குந்தினு இருக்குது. அவ வயித்துலயா வெளயாடுவீங்க? இவ்ளோ கொழுப்பு ஆகாது."

நான் பண்ணல. நெஜமாவே பண்ணல. காலையில இருந்து இடுப்பு ஒடிய நின்னு செஞ்சேன். ஆனா வாய் வரல. ஏன் வரல? நெனச்சேனே, அதான். போன மாசம் நானே என் கையால எழுதி வெச்சிருக்கேனே.

ஜெமிக்கு அவள் தோசை ஊற்றிக் கொடுத்தாள்.

10 பிப்ரவரி, திங்கள்

டப்பாவில் இட்லி இருந்தது. சட்னி இல்லை.

12 பிப்ரவரி, புதன்

டீ நேரத்தில் அஸ்பாக் விடவில்லை. "மூஞ்சி இன்னாடா இப்டி இருக்குது? வாத்து இன்னா ஆச்சு?" சொன்னேன். பாதி சொல்லும்போதே நிறுத்தினான்.

"இரு, இரு. கொழுப்ப இன்னா பண்ணேன்னு சொன்னே?"

"எடுத்துட்டேன்."

"எவ்ளோ?"

"முழுக்க. சுத்தமா."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "அட பாவி. வாத்துக்கு ஃப்ளெஷிங் போட்டியா? அந்தக் கொழுப்பு உருகித்தானேடா அது வேகணும், அதான் அதுக்கு எண்ணெய்!" அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். செக்‌ஷனில் அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொன்னான். "ஃபர்ஸ்ட் கிரேடு வாத்து! குரோம் போட்டியா, சாயம் போட்டியா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு அது போதாது. என் செல்லைப் பிடுங்கி கிறிஸ்டினாவுக்குப் போட்டான்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரன் மேல தப்பு இல்ல. அவன் தோல்காரன். வாத்தைத் தோலுன்னு நெனச்சி கொழுப்ப முழுக்கச் சுரண்டிட்டான்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சிரிக்கிறாள், யாரோ "சிஸ்டர், இன்னா ஆச்சு" என்று கேட்பது கூட எனக்குக் கேட்டது.

சாயங்காலம் வீட்டில் என் எதிரே உட்கார்ந்தாள். "கொழுப்ப எடுத்தது வாத்துக்கு, கொழுப்பெடுத்தது உங்களுக்குன்னு திட்டிட்டேன்" என்று சொல்லி மறுபடி சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"வேணும்னு பண்ணல. ஆனா நல்லா வரலன்னா நீ போகமாட்டேன்னு நெனச்சேன். அது உண்மை" என்றேன்.

சிரிப்பு நின்றது. திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் புடவை நுனியைச் சுருட்டினாள்.

"நான் அன்னிக்கு ஹால்ல குந்தினு இன்னா ஜெபம் பண்ணேன் தெரியுமா? ஆண்டவரே, இது நல்லா வரக் கூடாதுன்னு."

"நீயா?"

"பின்ன? எனக்கு மட்டும் ஜெமிய வுட்டுட்டுப் போணும்னு ஆசையா? பயமா இருக்குது ஜெமிப்பா. நானா வேணாம்னு சொன்னா, இவ்ளோ படிச்சிட்டு பயந்துட்டாள்னு ஆயிடும். வாத்து கெட்டுப் போச்சுன்னா வாத்து மேல போட்டுடலாம். அதான் உங்க மேல அவ்ளோ கோவம் வந்துச்சு."

ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வாத்தைக் கெடுத்திருக்கிறோம். ஜெமி நடுவில் வந்து, "ஏன் அழுறீங்க, நான் அந்த வாத்தை சாப்பிட்டுடவா?" என்று கேட்டாள்.

கடைசியில் கிறிஸ்டினாதான் சொன்னாள். "இன்னொரு வாத்து வாங்கினு வாங்க. மெயிலை இன்னும் அழிக்கல." முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. "சரி" என்றேன்.

22 பிப்ரவரி, சனி

அஸ்பாக்கும் வந்தான். "அறுக்கிறது நான். இல்லன்னா எனக்கு ஆகாது, நீங்கதான் முழுங்குவீங்க" என்றான். அதே மந்தை, ஆனால் வேறு வயலுக்குப் போய்விட்டது, தேடிப் பிடித்தோம். பிஸ்மி சொல்லி அறுத்தான். அந்தம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "செருப்பு தெச்சியா?" என்றார். அஸ்பாக் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். வண்டியில் இருந்து தள்ளிவிட்டிருப்பேன், வாத்து அவன் மடியில் இருந்தது.

23 பிப்ரவரி, ஞாயிறு

கொழுப்பைத் தொடவில்லை. கை பரபரத்தது, தொடவில்லை. ஊசியால் தோலில் மட்டும் அங்கங்கே குத்திவிட்டேன். கரியை இரண்டு ஓரத்துக்கும் தள்ளி, நடுவில் தண்ணீர்த் தட்டு வைத்தோம். சூடு ஏறினதும் கொழுப்பு உருகித் தோல் மேல் தானாக வழிந்து, சொட்டிக்கொண்டே இருந்தது. அவசரப்படாமல் சுற்றினேன். அஸ்பாக் விசிறினான், குறை சொன்னான், மறுபடி விசிறினான்.

தோல் சிவந்து மொறுமொறுப்பாக வந்தது. கால் தானாகக் கழன்று கையோடு வந்தது. ஜெமி ஒரு கால் முழுக்கத் தின்றாள். இன்னொரு காலையும் எடுத்தாள். அஸ்பாக், "ஏய், எனக்கும் வைம்மா" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. வயிற்றைத் தடவிக்கொண்டு அவள் அப்படியே பாயில் சாய்ந்துவிட்டாள்.

கிறிஸ்டினா எலும்பு வரைக்கும் சப்பிச் சாப்பிட்டாள். கை கழுவி, துடைத்து, தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்து செல்லை எடுத்தாள். நான் டிரம்மில் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"போட்டுட்டேன்" என்றாள்.

"ம்" என்றேன்.

நன்றாகச் செய்தேன் என்று சந்தோஷமாக இருக்கிறது. அவள் போகப் போகிறாளே என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

6 மார்ச், வியாழன்

நேற்று சாம்பல் புதன். இனி ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் கவிச்சி கிடையாது. பருப்பு கடைய, பொரியல் செய்ய, கீரை ஆய எல்லாம் கிறிஸ்டினா பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறாள். உப்பு ஜாஸ்தி. நாளைக்குக் கம்மியாகப் போட வேண்டும்.

21 மார்ச், வெள்ளி

சென்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கை காட்டினாள். ஜெமி அழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் வாலாஜா தாண்டினதும் அழுதாள். வந்து சோறு வைத்தேன். சாப்பிட்டாள்.

29 மார்ச், சனி

தினமும் போன் வருகிறது. எடுத்ததும் அதே கேள்வி: "ஜெமி இன்னா சாப்பிட்டா?" காலையில் என்ன, மத்தியானம் என்ன, பள்ளிக்கூட டப்பாவில் மிச்சம் இருந்ததா என்று எல்லாம் சொல்ல வேண்டும். மேனேஜருக்கு ரிப்போர்ட் கொடுப்பதே பரவாயில்லை. முந்தாநாள் பீன்ஸ் கருகினதைச் சொல்லவில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

கோயிலில் இருந்து வந்து சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து வீடியோவில் வந்தாள். அங்கே அப்போதுதான் விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது, நைட் டூட்டி முடித்து வந்திருக்கிறாள். கோட் கூடக் கழற்றவில்லை. பின்னால் சின்னதாக ஒரு சமையலறை, ரொம்பச் சுத்தமாக இருந்தது.

"ஜெமி இன்னா சாப்பிட்டா?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். ஜெமி செல்லை என் கையில் இருந்து வாங்கி, "நீ இன்னா சாப்பிட்டம்மா?" என்றாள்.

"சாப்பிட்டேண்டி."

"இன்னா?"

"பிரெட்டு."

"நேத்து?"

அவள் கோட் பட்டனைத் திருகினாள். ஜெமி, "அதுக்கு முந்தின நாளு?" என்றாள்.

"பிரெட்டுதான். டீ. பிஸ்கெட் இருக்குது." சிரிக்கப் பார்த்தாள். "ஒருத்திக்குன்னு அடுப்பு பத்த வெக்கவே தோணல ஜெமிப்பா. அரிசி வாங்கி வெச்சிருக்கேன். பிரிக்கவே இல்ல."

இவ்வளவு நாளும் நாங்கள் இரண்டு பேர் சாப்பிடுவதைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். அவள் இன்னா சாப்பிடுவாள் என்று இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. செல்லில் முகம் இளைத்துத் தெரிந்ததை நான் வெளிச்சம் கம்மி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கோட்டைக் கழட்டு" என்றேன். "செல்லை அடுப்புப் பக்கத்துல சாய்ச்சு வை. அந்த அரிசிப் பையைப் பிரி."

"தூக்கம் வருது. அப்புறம் வெக்கிறேன்."

"இப்போ."

"எனக்கே சோறு வெக்க நீங்க சொல்லித் தரப் போறீங்களா?"

"ஆமா. ஒரு டம்ளர் எடு. பருப்பு இருக்குதா? தக்காளி?"

இருந்தது. அவள் கழுவினாள், நறுக்கினாள். நானும் ஜெமியும் இந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "பூண்டு தட்டிப் போடும்மா" என்று ஜெமி சொன்னாள், போட்டாள். தாளிக்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "கடுகு தீயுது, பாரு" என்றேன். அழுதுகொண்டே அடுப்பைக் குறைத்தாள்.

தட்டில் போட்டுக்கொண்டு செல் எதிரே உட்கார்ந்தாள். முதல் வாயை மெதுவாக மென்றாள். அப்புறம் வேகமாகச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

முடித்ததும் தட்டைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். அதற்கப்புறம்தான் போனை வைத்தோம்.